ஐந்து பேருக்கு ஒரு கோட்டு

1

தென் கொரியாவின் தெற்கு ஓரத்தில் இருக்கிற புசான் துறைமுக நகரத்துக்கு நான் வந்து சேர்ந்து, போன மாதத்தோடு பதினெட்டு வருசம் முடிந்தது. முடிந்த அன்று எனக்கு யாரும் மாலை போடவில்லை. குடியேற்ற அலுவலகத்தில் விசா நீட்டிப்புக்காக எண்ணுச் சீட்டை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பாளையங்கோட்டையிலிருந்து எஸ்தர் அக்காவின் போன் வந்தது. அக்கா பள்ளிக்கூட டீச்சர். வகுப்பு நேரத்தில் அவள் போன் செய்தாள் என்றால் விசயம் சின்னதாக இருக்காது.

“ஏலே, பியூலாவுக்கு உங்க ஊரு காலேஜ்ல இடம் கிடைச்சிருக்காம், கொரிய பாஷை படிக்க. நீ பொறுப்பு ஏத்துக்கிடுதேன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டாத்தான் விசா குடுப்பானாம். நீ போடாத.”

ஏன் என்று கேட்டேன்.

“போடாதன்னா போடாத. மாமன் வேண்டாம்னுட்டான்னா அவ அடங்கிருவா. நான் சொன்னா எங்க கேக்கா?”

பியூலா அக்காவின் ஒரே மகள், வயது இருபத்திரண்டு. அத்தான் தவறி ஐந்து வருசமாகிறது. அந்த வீட்டில் இப்போது இருப்பது தாயும் மகளும் மட்டும்தான்.

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கவுண்டரில், “தவமணி, தவமணி” என்று கூப்பிட்டார்கள். தவமணி என் அப்பாவின் பெயர். என் பெயர் ஜெபராஜ். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயரும் சேர்ந்து இருந்ததால் இங்கே அதுவே குடும்பப் பெயர் என்று பதிந்துவிட்டார்கள். வந்த மூன்றாம் வருசம் அப்பா ஊரில் தவறிப்போனபோது, என் பாஸ்போர்ட் இதே அலுவலகத்தில் நீட்டிப்புக்காக மாட்டிக்கிடந்தது. அடக்கத்துக்குப் போக முடியவில்லை. அந்த வாரம் இதே கவுண்டரில் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான்தான் எழுந்து போனேன். அதைப் பற்றி அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டது அவள்தான்.

அன்று அக்காவிடம், “யோசிச்சுச் சொல்லுதேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கவுண்டருக்குப் போனேன்.

2

யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கோட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நான் இங்கே வந்தது ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடைக்குச் சமையல்காரனாக. ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பரோட்டா போட்டவன். சென்னையில் ஒரு வருசம் தந்தூரி அடுப்பில் நின்று பழகியவன். அன்றைக்குக் கொரியா என்று சொன்னால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. சிங்கப்பூரைத் தாண்டியா, முன்னாடியா என்று கேட்டார்கள். அப்பாவுக்கு மட்டும் ஊர் எதுவென்பது முக்கியமில்லை, வேலை எதுவென்பதுதான் முக்கியம். ‘ஓட்டல் வேலை’ என்று நான் சொன்னேன். அப்பா அதை ‘ஓட்டல் மேனேஜர்’ ஆக்கி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று நாலு பேரிடம் சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை. திருத்தாமல் விட்டதும் பொய்தான் என்று புரிவதற்குள் வருசங்கள் ஓடிவிட்டன.

கடைக்கு மேலே ஒரு அறையில் ஐந்து பேர் தங்கியிருந்தோம். நேபாளத்துக்காரர்கள் இரண்டு பேர், பஞ்சாபி ஒருவர், கேரளத்துக்காரர் ஒருவர், நான். எங்களுக்கு முன்னால் இருந்தவர் யாரோ ஒரு கறுப்புக் கம்பளிக் கோட்டை விட்டுப்போயிருந்தார். முழங்கால் வரை வரும், நல்ல தையல். அதை வேலைக்குப் போட்டுக்கொண்டு யாரும் போனதில்லை. அது படத்துக்கான கோட்டு. சித்திரை நெருங்கும்போது செரி மரங்கள் பூக்கும். கடைக்கு விடுமுறை விழுகிற நாளில் ஐந்து பேரும் சேர்ந்து போவோம். ஒருவன் கோட்டைப் போட்டு மரத்தடியில் நிற்பான். மற்ற நான்கு பேரும் கடற்காற்றில் நடுங்கிக்கொண்டு வரிசையில் நிற்போம். முடிந்ததும் அவன் கழற்ற, அடுத்தவன் மாட்டுவான். உள்ளே முந்தினவனின் உடம்புச் சூடு இருக்கும். அந்தச் சூட்டோடுதான் எல்லாப் படத்திலும் சிரித்திருக்கிறோம்.

நான்கு ஊர்களில் ஐந்து வீட்டுச் சுவர்களில் அந்த ஒரே கோட்டு தொங்கியது. எங்கள் வீட்டில் வேத வசனக் காலண்டருக்குப் பக்கத்தில். ஒன்றாம் வகுப்பில் இருந்த பியூலா அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய், “எங்க மாமா ஊர்ல மரம் பூராவும் பூவு, இலையே கிடையாது” என்று சொன்னாளாம். அக்கா பெருமையாக எழுதியிருந்தாள்.

கலியாணம் ஆகி என் மனைவி சுகந்தி வந்து இறங்கினாள். மேனேஜருக்குக் கட்டிக்கொடுத்ததாக அவளுடைய அப்பாவும் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். கடையின் பின்வாசல் வழியாக அவளை உள்ளே கூட்டிப்போனேன். அடுப்பையும், முழங்கை வரை தழும்பாகிக் கிடந்த என் கையையும் பார்த்தாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே ஊருக்குப் போன் போட்டு, “அவுகளுக்கு ஆபீஸ் ரூம்பு தனியா இருக்கும்மா” என்றாள். என்னைக் காப்பாற்ற இல்லை, அவள் அப்பாவைக் காப்பாற்ற. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். எங்களுக்கு மூன்று வேளையும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

3

இரண்டு வருசத்துக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தேன். அப்போதுதான் பார்த்தேன், நான் போன ஊர் என்னை முந்திக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்திருந்தது. காலேஜுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் முன்னால் நின்ற இரண்டு பிள்ளைகள் கொரியப் பாட்டை வரி பிசகாமல் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள். போன் உறைக்குள் பாட்டுக்காரப் பையன் ஒருவனின் படம். தச்சநல்லூரில் ஒரு மளிகைக் கடையில் கொரிய நூடுல்ஸ் பாக்கெட்டை மிக்சர் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் சரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்கார அண்ணாச்சி என்னைத் தெரிந்தவர். ஒரு பாக்கெட்டைக் கையில் கொடுத்து, “இதுல என்ன வே இருக்கு? பிள்ளைய கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டே திங்குதுவ, மறுநாளும் வந்து கேக்குதுவ” என்றார். மிளகாய்தான் அண்ணாச்சி என்றேன். “அது நம்ம கிட்ட இல்லையாக்கும்?” என்றார்.

கிறிஸ்துமஸ் மர விழாவில் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் பாமாலைக்கு அப்புறம் கொரிய ஆட்டம் ஒன்று ஆடினார்கள். எங்கள் சபைப் பாதிரியாரான ஐயர் முன்வரிசையில் தாளம் போடவா வேண்டாமா என்று முழங்காலில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

அக்கா இருக்கிறாளே, மகளை ஏசுவாள். ஆனால் சாயங்காலம் நோட்டுத் திருத்திக்கொண்டே தமிழில் பேசுகிற கொரியத் தொடரைப் பார்ப்பாள். அதில் ஒரு விதவைத்தாய். மகன் பட்டணத்துக்குப் போய்த் திரும்பியே பார்க்காதவன். அவள் வாசலில் நிற்கும்போதெல்லாம் அக்கா சிவப்பு மைப் பேனாவை மூடிவைத்துவிடுவாள். “பாவி, எப்படி விட்டுட்டுப் போயிருக்கான் பாரு” என்று ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்காமல் அடுத்த நோட்டை எடுத்தாள்.

பியூலா என்னிடம் கொரியனில் பேசினாள். மரியாதை கொஞ்சமும் குறையாத, வீட்டுப் பெரியவர்களிடம் பேசுகிற பேச்சு. என்னுடைய கொரியன் அடுப்படியில் விளைந்தது. ‘சூடு, தள்ளு, சீக்கிரம், இன்னும் ரெண்டு’ இவற்றுக்கு மேல் போனால் திக்கும். பேங்கில் ஒரு பெரியவரிடம் தட்டை எடு என்று பையனை அதட்டுகிற தொனியில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அவள் கேட்டதற்குத் தமிழிலேயே பதில் சொல்லி ஒப்பேற்றினேன். மேனேஜர் மாமா இப்படித்தான் பேசுவாரா என்று அவள் கேட்கவில்லை. அதை அன்று நான் கவனித்திருக்க வேண்டும்.

4

எங்கள் மகன் ஜோயலுக்குப் பன்னிரண்டு வயது. இங்கேயே பிறந்தவன். நாங்கள் தமிழில் கேட்டால் கொரியனில் பதில் சொல்வான். சுகந்தி புளிச்சோறு கட்டிக்கொடுத்தால் அப்படியே திரும்பி வரும். வாசனையை வைத்துப் பையன்கள் கேலி செய்கிறார்களாம். ஊரிலிருந்து போன் வந்தால் காதில் ஒயரை மாட்டிக்கொள்வான். பாட்டுக்காகவும் படத்துக்காகவும் உலகமே இந்த ஊரைக் கண் கொட்டாமல் பார்க்கிறது. இவனுக்கு இந்த ஊர் வெறும் பள்ளிக்கூடம்; அங்கே அவன் ஒருவன்தான் கறுப்பு.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பியூலா வீடியோவில் வந்தாள். ஜோயல் வழக்கம்போல எழுந்து நகர்ந்தான். அவள் கொரியனில் ஏதோ சொன்னாள். இவன் நின்றான். திரும்பி வந்து போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அரை மணி நேரம் இரண்டு பேரும் விடாமல் பேசினார்கள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சொந்தக்காரர் ஒருவரோடு அவன் சிரித்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, இந்தப் பக்கம் எனக்குப் பாதி புரிந்தது, சுகந்திக்குக் கால்வாசி. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஒரு பாஷை கிடைத்திருக்கிறது. அது எங்கள் யாருடையதும் இல்லை. சந்தோசப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியாமல் இரண்டு கரையிலும் பெரியவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

5

எங்கள் கடையில் பாத்திரம் கழுவும் அம்மாளை எல்லோரும் ‘இமோ’ என்று கூப்பிடுவோம். சித்தி என்று அர்த்தம். அறுபத்தைந்து வயது, புருசன் இல்லை. இரண்டு பிள்ளைகளும் தலைநகரத்தில். நான் நம் ஊர்ப் பழமொழி ஒன்றை என் அடுப்படிக் கொரியனில் திக்கித் திணறிச் சொன்னால் அவள் தன் ஊர்ப் பழமொழி ஒன்றைத் தருவாள். இப்படியே பதினொரு வருசம் ஓடியிருக்கிறது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று நான் சொன்னால், அடுத்தவர் கையிலிருக்கிற அரிசிப் பலகாரம் பெரிசாகத் தெரியும் என்பாள்.

பியூலா விசயத்தை அவளிடம் சொன்னேன். பாட்டுக்காரர்களைப் பார்க்க ஒரு பெண் தாயை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வருவாளா என்று கேட்டாள். அவளுடைய மகள் தலைநகரத்துக்குப் போனது இரண்டரை மணி நேர ரயில் தூரம்தான். ஆனால் வருசத்துக்கு இரண்டு பண்டிகைக்கு மட்டும் வருகிறாளாம். போகும்போது அவளை யாரும் தடுக்கவில்லையா என்று கேட்டேன். நான்தான் பெட்டி கட்டிக் கொடுத்தேன் என்றாள். கொஞ்ச நேரம் தட்டைக் கழுவிவிட்டு, மகள் அங்கே என்ன வேலை செய்கிறாள் என்று தனக்கு இன்னும் சரியாகத் தெரியாது, கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்கிறாள், அவள் போனதைவிட அதுதான் தன்னைத் தின்கிறது என்றாள்.

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

6

பியூலாவின் மனதை மாற்ற வேண்டுமானால் உண்மையைக் காட்டினால் போதும் என்று தீர்மானித்தேன். அக்கா கேட்டதும் நடந்துவிடும், என் பாரமும் இறங்கும். ஒரு மதியம் கடை சாத்தியிருந்த நேரத்தில் அவளை வீடியோவில் கூப்பிட்டேன். முன்னுரை இல்லாமல் போனைத் திருப்பி அடுப்பைக் காட்டினேன். கீழ்த்தளத்துச் சரக்கறையைக் காட்டினேன். பழைய அறைக்கு ஏறிப்போய், இப்போது வேறு ஐந்து பேர் படுக்கும் பாய்களைக் காட்டினேன். சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினேன். கடைசியில் கோட்டுக் கதையைச் சொன்னேன்.

முடித்ததும் பைய சொன்னாள்: “தெரியும் மாமா.”

சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

“ஒன்பதாப்புல படிக்கையில உங்க கடைப் பேரைப் போட்டுத் தேடினேன். நேபாளத்து மாமா ஒருத்தரு அதே கோட்டைப் போட்டு, அதே மரத்தடியில நிக்காரு. கீழ எல்லாரும் அடுப்புக்கிட்ட நிக்கிற படமும் இருந்துச்சு. நீங்க தொப்பி போட்டு ஓரத்துல நிக்கிய. அம்மாட்ட சொல்லல.”

பிறகு எதற்கு இங்கே வரவேண்டும் என்று கேட்டேன். பாட்டுக்காகவா, அந்தப் பையன்களுக்காகவா என்றுகூட மட்டமாகக் கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை.

“அப்பா செத்த வருசம் எங்க வீட்ல பேச்சே கிடையாது மாமா. அம்மா பள்ளிக்கூடத்துலேருந்து வந்தா தட்டை எடுத்துக்கிட்டு அடுக்களைக்குள்ள போயிருவா. நான் மெத்தையில உக்காந்து திம்பேன். கொரியத் தொடர்ல மட்டுந்தான் ஆளுக ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாக. ஒருத்தர ஒருத்தர் பாத்த ஒடனே சாப்பிட்டியான்னு கேட்டாக. எனக்குக் கேட்டது அந்தச் சத்தம் ஒண்ணுதான். அதான் படிச்சேன். இப்ப அந்த பாஷையில எனக்குச் சோறு கிடைக்கும்னு தோணுது. டீச்சராவோ, மொழி பெயர்க்குதவளாவோ. பாத்திரம் கழுவினாலும் சரி.”

அப்படியானால் அம்மாவை யார் பார்ப்பது என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு என்ன தகுதி? பதினெட்டு வருசத்துக்கு முன்னால் நான் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமலே விமானம் ஏறியவன்.

7

காகிதத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பெயர், உறவு, முகவரி. அடுத்த கட்டம்: பொறுப்பேற்பவரின் தொழில். ஆங்கிலத்திலும் கொரியனிலும் ‘சமையல்காரர்’ என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். பியூலா பெயருக்கு அனுப்பவில்லை. அக்கா பெயருக்கு அனுப்பினேன். தாயின் சம்மதக் கையெழுத்துக்கும் அதில் இடம் இருந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டில், ‘அக்கா, நான் போகும்போது உன்னிடம் கேட்கவில்லை. இந்தத் தடவை நீ சொல்வதுதான். கொடுத்தாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி. பியூலாவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்’ என்று எழுதி வைத்தேன்.

காகிதம் போய்ச் சேர்ந்தது என்று செய்தி வந்தது. அதன் பிறகு பத்து நாள் அக்காவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பியூலாவும் பேசவில்லை. சுகந்தி தினமும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் விடுவாள். அவளுடைய பொய்யும் அந்தக் கவரில்தானே போயிருக்கிறது.

பதினோராம் நாள், கடை சாத்தியிருந்த நேரம், போன் அடித்தது.

“சமையல்காரன்னு போட்டிருக்கே” என்றாள் அக்கா. டீச்சர் குரல் இல்லை அது.

“ஆமாக்கா.”

“எப்பலேருந்து?”

“வந்ததுலேருந்தே.”

பின்னால் பிள்ளைகள் ஓடுகிற சத்தம், தெருவில் பஸ் ஆரன் கேட்டது. பிறகு சொன்னாள்:

“அப்பா கடேசி நாளு ஆஸ்பத்திரியில நர்சம்மாட்ட, எம் மவன் மேனேஜரு, லீவு கிடைக்காது, அதான் வரலன்னாக. எனக்கு அது உண்மைன்னு இத்தன வருசம் ஒரு ஆறுதலு. பெரிய வேலை, அதான் வர முடியலன்னு.” என்றாள். “சமையல் வேலைன்னு சொல்லியிருந்தாலும் அவுக சந்தோசமாத்தாம்ல போயிருப்பாக. எம் மவன் நாலு பேருக்குச் சோறு போடுதான்னு சொல்லியிருப்பாக.”

மன்னித்துக்கொள் என்று கேட்டேனா இல்லையா என்பது இப்போது எனக்கே நினைவில்லை.

“பேப்பர்ல நானும் கையெழுத்துப் போட்டு அவ கையில குடுத்துட்டேன்” என்றாள். “எனக்கு இஷ்டமில்ல. ஆனா பிடிச்சு வச்சா அவளும் உன்ன மாதிரி எதையாவது மறைச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளயே இருப்பா. அதை எங்கண்ணால பாக்க முடியாது. இப்பக் கேட்டுக்க. அங்கன வந்து அவ பாத்திரம் கழுவினா, பாத்திரம் கழுவுதேன்னு எங்கிட்ட சொல்லணும். காய்ச்சல்னா காய்ச்சல். அழுதான்னா அழுதேன். எனக்கு அழகான படமெல்லாம் வேண்டாம். அதுக்கு நீ பொறுப்பு. நீ கையெழுத்துப் போட்டது அதுக்குத்தான்னு வச்சுக்க.”

“சரிக்கா” என்றேன்.

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, எந்நாளும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்: “இப்ப என்ன செய்யுத?”

எந்நாளும் நான் சொல்கிற பதில், ஆபீஸ்ல இருக்கேன் என்பது.

“வெங்காயம் உரிச்சிட்டிருக்கேன்க்கா.”

“எத்தன கிலோ?”

“இருவது.”

“உரி” என்றாள். நான் போனை மசாலா டப்பாக்களுக்கு நடுவில் சாய்த்து வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன்; அவளுடைய பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் வரைக்கும் அவள் போனை வைக்கவில்லை.